நாவல் மரத்தடிக் கசிவு

ஹலோ... ஹலோ, மேல் மதகா?... யாரு, கலந்தர் அண்ணனா?... நாந்தாண்ணே, மருதையன். கீழ் மதகுலேருந்து... ஆமா, ஆமா, அளவு சொல்லத்தான். எழுதிக்கிங்க. மணி மூணு. அளவுக் கல்லுல ஆறடி ஒம்பது அங்குலம்... ஆறு, ஒம்பது. ரெண்டு மணிக்கு ஆறரை அடி... ஆமா, ஒரு மணி நேரத்துல மூணு அங்குலம் ஏறியிருக்கு. மதகுப் பலகை எட்டையும் தூக்கி வுட்டாச்சு, இனிமே தூக்க ஒண்ணுமில்ல. மழையும் நிக்கல... ம்... சரி... சரி.

வச்சிடாதீங்கண்ணே.

ஒண்ணுமில்ல, ஒரு அஞ்சு நிமிசம் லைன்ல இருங்க... இல்ல இல்ல, காச்சல் கீச்சல் இல்ல... சாப்ட்டேன். அம்சவல்லி காலையிலயே கட்டிக் குடுத்துட்டா... அண்ணே, ஒங்கக்கிட்ட மறைக்கிறதுக்கு என்னா இருக்கு. வந்துடுச்சு... ஆமா. அதேதான். ரெண்டரைக்கு ஆரம்பிச்சுது. நெஞ்சுக்குள்ள நெல்லு குத்துற மாதிரி திம்மு திம்முனு... கையி பாருங்க... நீங்க எங்கேருந்து பாக்குறது. ரிசீவரு காதுல நிக்க மாட்டேங்குது. வாயி காஞ்சு போச்சு. மூச்ச இழுத்தா பாதியிலயே நின்னுடுது.

நோட்டா? இருக்கு, முன்னாலதான் வச்சிருக்கேன்... போட்டிருக்கேண்ணே. டாக்டரம்மா சொன்னபடிக்கி நடுவுல கோடு இழுத்து, இந்தப் பக்கம் ஆத்தோட அளவு, அந்தப் பக்கம் என் பயத்தோட அளவு, பத்துக்கு எவ்ளோன்னு. ரெண்டரைக்கு அஞ்சு. ரெண்டே முக்காலுக்கு எட்டு... இப்பவா? ஒம்பது. ஒம்பதரைகூடப் போடலாம்.

பழசப் படிக்கணுமா? எதுக்குண்ணே, எனக்கே தெரியும்... சரி, சரி, படிக்கிறேன். போன வாரம் செவ்வாக்கெழம. காலைல பத்து மணி, ஏழு. பத்தே கால், ஒம்பது. பத்தரை, நாலு. பதினோரு மணி, ஒண்ணு... ஆமா, தன்னாலதான் எறங்கியிருக்கு. நான் ஒண்ணும் பண்ணல... அதுக்கு முந்துன வெள்ளிக்கெழம, எட்டு, எட்டு, அஞ்சு, ரெண்டு... அதுவும் எறங்கியிருக்கு. எறங்காம ஒரு தடவகூட நின்னதில்ல. எழுதுனவன் நாந்தானே, எனக்குத் தெரியாதா? ஆனா வர்றப்பல்லாம் இந்த ஒரு தடவதான் எறங்காதுன்னு தோணுது. அதுக்கு என்னா பண்றது?

சிரிக்காதீங்கண்ணே.

அந்தம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. தஞ்சாவூரு ஆஸ்பத்திரியில அத்தன சனத்துக்கு நடுவுல என்னை ஒக்கார வச்சு அர மணி நேரம் பேசுனாங்களே, மறப்பேனா? நெஞ்சுல ஒயர ஒட்டி படம் புடிச்சுட்டு, ஒங்க நெஞ்சுக்கு ஒரு கொறையும் இல்லய்யா, உள்ள இருக்குற காவக்காரன்தான் கொஞ்சம் கூடக் கத்துறான்னாங்க. அவன வெரட்டாதீங்க, அவன் சொன்னதுக்காக ஓடவும் ஓடாதீங்க, என்னான்னு போயிப் பாருங்கன்னாங்க... ஆமா, நீங்க பக்கத்துலதான் ஒக்காந்திருந்தீங்க. வந்தது வந்தோம், எனக்கும் ரத்தக் கொதிப்பு பாருங்கம்மான்னு கைய நீட்டுனீங்களே.

கதவா? சாத்தியிருக்கேன். சாரல் உள்ள அடிக்கிது, ரிஜிஸ்டரு நனையிது... தெரியிதுண்ணே. சாத்துன ரூமு எனக்கு ஆவாதுன்னு நல்லாத் தெரியும்... அத ஒங்கக்கிட்ட மட்டுந்தான் முழுசா சொல்லியிருக்கேன், கட்டுன பொண்டாட்டி அம்சவல்லிக்கே பாதிதான் தெரியும். எட்டு வயசு எனக்கு. அப்பாரு கூலிக்காரங்க சங்கத்துல சேந்துட்டாருன்னு பண்ணையாரோட ஆளுங்க தடியோட தெருவுக்குள்ள பூந்த அன்னிக்கி, ஆயி என்னைத் தூக்கி வெறும் நெல்லுக் குதிருக்குள்ள எறக்கி மூடிட்டுப் போயிடுச்சு. காலையில எறக்குனது, வெளக்கு வைக்கிறப்பதான் தொறந்துச்சு. சத்தம் எல்லாம் கேக்குது. அடிக்கிறது யாரு, அடி வாங்குறது யாரு, அப்பாரா, சித்தப்பாவா, ஒண்ணும் தெரியல... அதான். இந்த ரூமும் இப்ப அப்படித்தான் இருக்கு. ஆத்துச் சத்தம் மட்டும் கேக்குது.

சரி... நாலு எண்ணி மூச்ச இழுக்குறேன்... ... ஆறு எண்ணி வுடுறேன்... ... ம். இன்னொரு தரம்... ... எட்டரை. எட்டரைன்னு போட்டுக்கவா?... சரி, எட்டுன்னே போடுறேன். ஒங்களுக்காக.

அண்ணே, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது... இதச் சொல்லத்தான் கூப்புட்டேன், அளவு சும்மா சாக்கு. தென்கரையில, மதகுலேருந்து ஒரு நூறு தப்படி கீழ நாவ மரம் நிக்கிதுல்ல... ஆமா, எங்க தெருவுக்கு நேரா. அங்க கரையோட வெளிப்பக்கம், தெருவப் பாத்த பக்கம், அடியில தண்ணி கசியிது... மத்தியானம் சோறு திங்கிறப்ப சன்னல் வழியாப் பாத்தேன். சும்மா ஈரமா, பளபளன்னு இருந்துச்சு. இப்ப ஓடுற மாதிரி இருக்கு... மாதிரிதான். மழையில எல்லாமே ஓடத்தான் செய்யிது. எனக்கே வெளங்கலண்ணே. கரை கசியிதா, இல்ல என் கண்ணுக்குத்தான் கசியிதா?

போயிப் பாக்கலாந்தான். யாரு இல்லன்னா. கால் வர மாட்டேங்குது.

ஆமா, ரெண்டு தடவ... நீங்க சொல்லிக் காட்டலண்ணே, நானாத்தான் சொல்றேன். மொத தடவ ஐப்பசியில. கல்லுல அஞ்சடிகூட இல்ல, எனக்குள்ள பத்தடி. கரை போவப் போவுதுன்னு நெனச்சுக்கிட்டு மணியாத் தொங்குற இந்தத் தண்டவாளத்துண்ட வுடாம அடிச்சுட்டேன். வுடாம அடிச்சா ஓடுங்கன்னு அர்த்தம், சின்னப் புள்ளைக்கும் தெரியும். தெருவே சட்டி பானையத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுச்சு. ஒண்ணும் ஆவல. சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, அது பெருசில்ல.

ரெண்டாந் தடவதானே... ஆமா, பன்னெண்டு நாளாச்சு. மறுபடி அடிச்சேன், மறுபடி ஓடுனாங்க. மறுநா காலைல திரும்பி வந்து பாத்தா, தெருக் கடைசியில நாலு வீட்டச் சுத்தி முள்ளு வேலி. பண்ணையாளுங்க ஊண்டிட்டுப் போயிட்டாங்க. ஆளில்லாத மனை, இங்க யாரும் குடியில்லன்னு பண்ணைக் காரியக்காரரு சாச்சிக் கையெழுத்தும் வாங்கி வச்சுட்டாரு... சட்டம் இருக்குண்ணே. குடியிருக்குறவனுக்கே மனை சொந்தம்னு கவர்மெண்டு சொல்லிடுச்சு. அது எனக்கும் தெரியும், பண்ணைக்கும் தெரியும். ஆனா குடியிருக்கோம்னு காட்டணும்னா வீட்டுல இருக்கணும்ல? அந்த நாலு வீட்டு சனம் இன்னிக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால சாக்கு கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. கேசு கோர்ட்டுல கெடக்கு.

தங்கையன் மாமா இருக்காருல்ல, சங்கத் தலைவரு. அவரு என்னைத் திட்டல, அடிக்கல. அதுதான் எனக்குத் தாங்கல. வாசல்ல வந்து நின்னாரு. "மருதையா, இனிமே கழுத்தளவு தண்ணி வந்தாலும் நாங்க வீட்ட வுட்டு நவுர மாட்டோம்"னு ஒரே வார்த்ததான் சொன்னாரு, போயிட்டாரு. அம்சவல்லி இன்னிக்கிக் காலைல சோத்தக் கட்டிக்கிட்டே சொல்றா, "மாமா, இன்னொரு தடவ அடிச்சீங்கன்னா நான் காதப் பொத்திக்குவேன், புள்ளைங்க காதையும் சேத்துத்தான்"னு... கோவமா சொல்லல. அதான் சொல்றேன், கோவமாவே சொல்லல.

மெமோவா? இங்கதான் மேசை மேல கெடக்கு. உத்தரவு இல்லாம மணி அடிக்கக் கூடாது, உத்தரவு இல்லாம மதக வுட்டு நவுரக் கூடாது. சூப்பர்வைசரு கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு... அவரு எங்க இருக்காரு இப்ப?... நீங்களும் ஒரு மணி நேரமா போனச் சுத்திச் சுத்திப் பாக்குறீங்களா... அந்தப் பக்கம் லைனே செத்துக் கெடக்கா. சரியாப் போச்சு. அப்ப உத்தரவ யாருக்கிட்ட வாங்குறது, வருண பகவான்கிட்டயா?

அடிச்சா வீடு போவுது. அடிக்காட்டி உசுரு போவுது. அறுவது குடும்பம்ணே. எம் புள்ளைங்க ரெண்டும் அங்கதான் இருக்கு. நான் இங்க குதிருக்குள்ள ஒக்காந்துக்கிட்டு சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன். முடியலண்ணே. நெசமாவே முடியல.

... ... ம்... ம்... கேக்குது. சொல்லுங்க.

கசியிற தண்ணி தெளிஞ்சு வந்தா கரைக்கு வேர்க்குது... ஆமா, அது சகசம். கலங்கி வந்தா?... மண்ணத் தின்னுட்டு வருதுன்னு அர்த்தம். ஆமா. பழைய மேஸ்திரிங்க சொல்றதுதான். தெரியும்... தெரிஞ்சு என்னா, தெரிஞ்சது எதுவும் இப்ப மண்டையில நிக்கலியே... டீ கிளாசுலயா? இருக்கு, கண்ணாடி கிளாசுதான். அதுல புடிச்சாந்து வச்சு... சரி. எடத்த வுட்டு நவுரக் கூடாதுன்னு மெமோ... நூறு தப்படி நவுர்றது நவுர்றது இல்லன்னு நீங்க சொல்றீங்க. சரி. ஒங்க பொறுப்பு.

ரிசீவர மேசையில வச்சுட்டுப் போறேன். நீங்க புடிச்சுக்கிட்டே இருங்க. வச்சிடாதீங்க.

... ... ...

ஹலோ... ஹலோ, இருக்கீங்களா?... இல்லண்ணே. போவல. கதவத் தொறந்தேன், படியில கால வச்சேன், அவ்ளோதான். நெஞ்சு வாயிக்கு வந்துடுச்சு, திரும்பிட்டேன்... பத்து. பத்துக்கு மேல போட வழியில்ல, இருந்தா அதையும் போட்டிருப்பேன். திட்டுங்கண்ணே. திட்டுனாத் தேவலாம் போல இருக்கு. ஒரு ஆம்பள, கவர்மெண்டு உத்தியோகம், பெஞ்ச மழையப் பாத்துட்டு...

கதவா? தொறந்துதான் கெடக்கு... ஆமா, சாத்தல. சாத்தணும்னு தோணல... ரிஜிஸ்டரு நனையிது, நனையட்டும். நாவ மரம் வாசல் வழியாவே தெரியிது இப்ப... ம். காத்து வருது. அது என்னமோ நெசந்தான், மூச்சு கொஞ்சம் கீழ எறங்குது.

அந்த மரம் வரைக்கும்னு நெனைக்காதேங்கிறீங்க. பின்ன?... மொதல்ல படி. அப்பறம் அந்த மைல் கல்லு. அப்பறம் நாணல் பொதரு. அப்பறம் மரம். நாலு. நாலு எடந்தானே... கால் நடுங்குனா?... நடுங்குற காலோட போவணுமா. அது சரி. நடுங்காத காலுக்கு நான் எங்க போறது, கடன் வாங்கவா முடியும்?

சரிண்ணே. போறேன்.

... ... ...

... ... ...

ஹலோ. அண்ணே... போயிட்டு வந்துட்டேன். மரம் வரைக்கும். சத்தியமா... ஆமா, தொப்பமா நனைஞ்சுட்டேன், அது கெடக்குது. கசியிதுண்ணே. என் கண்ணு பொய் சொல்லல. வேருக்குக் கீழேருந்து சுண்டுவெரல் கனத்துக்கு வருது. கிளாசுல புடிச்சாந்து மேசையில வச்சிருக்கேன்... இருங்க, அசையாம நிக்கட்டும்... நோட்ட அதுக்குப் பின்னால வச்சுப் பாக்குறேன். எழுத்து தெரியிது. செவ்வாக்கெழம, பத்து மணி, ஏழு. நல்லாத் தெரியிது. தெளிஞ்ச தண்ணிதாண்ணே. கரைக்கு வேர்க்குது, அவ்ளோதான்.

ஆறு. இல்ல, அஞ்சுன்னே போடலாம்... ஆமாண்ணே, சிரிக்கிறேன். அழுவுறேன்னும் வச்சுக்கங்க. நெஞ்சுக்குள்ள நெல்லு குத்துனவ ஒலக்கைய வச்சுட்டு ஒக்காந்துட்டா. என்னா ஒரு பாடு. ஒரு கிளாசு தண்ணிக்கு.

என்னாது? மறுபடியுமா?... எதுக்குண்ணே, தெளிவுன்னு ஆயிடுச்சுல்ல... கால் மணி நேரம் கழிச்சு. அதுக்கப்பறமும் கால் மணி நேரம் கழிச்சு... இல்ல, போவ முடியாதுன்னு சொல்ல வரல... போன தடவ போனேன்ல...

சரி, உண்மையச் சொல்லிடுறேன். மறுபடி போயி, அது கலங்கியிருந்துட்டா என்னா பண்றது? பாக்காம இருந்தா கிளாசுல இருக்குறது தெளிஞ்ச தண்ணியாவே இருக்கும்ல... ம்... ம். ஆமா. பாக்காம ஓடுறதும் பாக்காம ஒக்காந்திருக்குறதும் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான். நல்லாப் புடிக்கிறீங்கண்ணே. டாக்டரம்மா ஒங்களையே வேலைக்கு வச்சுக்கலாம்.

ஒங்க கல்லுல எவ்ளோ?... ஏழடி நாலா? அது இங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம். அப்ப இன்னும் ஏறும்... ஆமா. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா பயம் கொஞ்சம் கொறையத்தான் செய்யிது. பேசிக்கிட்டே கால் மணி நேரம் ஓடிடுச்சு, மணி மூணே முக்கால். போயிட்டு வர்றேன். கையோட எங்க கல்லையும் பாத்துட்டு வர்றேன்.

... ... ...

... ... ...

அண்ணே.

கலங்கிடுச்சு.

இல்ல, மழைத்தண்ணி இல்ல. துண்ட மேல புடிச்சுக்கிட்டுத்தான் மொண்டேன். கட்டவெரல் கனத்துக்கு மேல வருது இப்ப. கிளாசுல அடியில மண்ணு தங்குது, ஒரு வெரக்கடை இருக்கும். செவந்த மண்ணு, கரை மண்ணேதான். பெருச்சாளி வளைன்னு நெனைக்கிறேன், வேருக்குக் கீழ வாயி தெரியிது. கரை மேல ஒரு எடத்துல சாண் ஆழம் உள்ள எறங்கியிருக்கு. கல்லுல ஏழடி. எழுதிக்கிங்க, மூணு அம்பத்தஞ்சு.

என்னண்ணே, ஒங்க கொரலு ஏன் இப்படி இருக்கு? ஒங்களுக்கு நெஞ்சு அடிக்கிதா?... அடிக்கட்டும். நாலு எண்ணி இழுங்க. நான் சொல்றேன்ல, இழுங்க. ஆறு எண்ணி வுடுங்க... ஆங். இப்பக் கேளுங்க.

ஓடச் சொல்லி அடிச்சா ஒரு குருவிகூட நவுராது. அம்சவல்லி காதப் பொத்திக்குவா, சொன்னபடி செய்யிறவ அவ. நவுந்தாலும் பண்ணையாளுங்க மறுபடி முள்ள ஊண்டுவாங்க. அந்த மணிய அடிக்கப் போறதில்லண்ணே... இருங்க, சொல்லி முடிக்கிறேன். மூணு மூணா அடிச்சா என்னா? மூணு அடி, ஒரு நிறுத்து, மூணு அடி, ஒரு நிறுத்து... ஆமா, அதேதான். கரைக்கு வாங்கன்னு அர்த்தம். வீட்டுக்கு ஒரு ஆளு, ஒரு மம்முட்டி, ஒரு கட்டு வைக்கல். எந்தத் தெருன்னு கேக்குறதில்ல. வராத வீட்டுக்கு வர்ற போகத்துக்குத் தண்ணி முறை கெடையாது... தெரியும், இருவது வருசமா யாரும் அடிக்கல. சங்கம், பண்ணைன்னு பிரிஞ்சதுலேருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணா ஒரு கரையில நின்னதில்ல. ஆனா மறந்திருக்க மாட்டாங்க. அந்தச் சத்தத்த எந்தக் குடியானவனும் மறக்க மாட்டான்.

பண்ணை வரும்ணே, வராம எங்க போவும்? எங்க தெருவுக்குப் பின்னால நூறு மா அவங்க நெலந்தான், தாளடி நாத்து நட்டு முழுசா இருவது நா ஆவல. கரை ஒடச்சுக்கிட்டா மொதல்ல எங்க அடுப்புல தண்ணி, அடுத்தது அவங்க வயல்ல மணலு. வைக்கல் கட்டத் தூக்கிக்கிட்டு கரையில நிக்கிறவன் எந்தக் கையால முள்ளு ஊண்டுவான்? பொம்பளைங்க புள்ளைங்க எல்லாம் மதகு மேல வரட்டும். கல்லுக் கட்டடம், ஆத்துக்கு மேல பத்தடி ஒசரம். இங்க நின்னு பாத்தா தெரு ஒரு கடைசிலேருந்து மறு கடைசி வரைக்கும் கண்ணுக்குத் தெரியிது. எவன் வேலி ஊண்டப் போனாலும் அறுவது வீட்டுப் பொம்பளைங்களும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. வீட்ட வுட்டுட்டு ஓடுறது இல்ல இது. வீட்டுக்கு முன்னால வந்து நிக்கிறது.

ஆமாண்ணே... ஆமா. எனக்கு ஏன் முன்னாடியே தோணலன்னுதான் நானும் பாக்குறேன். ரெண்டு தடவையும் எனக்கு ஓடணும் போல இருந்துச்சு. அதனால ஊரையே ஓடச் சொல்லிட்டேன். அம்புட்டுத்தான் விசயம். அந்த நாலு வீட்டு முள்ளுக்கும் நாந்தான் பொறுப்பு. அது இந்த மழையோட போவாது, இருக்கும்.

மெமோவா? வரட்டும். ஏற்கனவே ஒண்ணு இருக்கு, சோடி சேந்துக்கும்.

ஒங்களால ஒண்ணு ஆவணும். ஒங்க பக்கம் வடிகால் பலகை மூணும் மூடித்தானே இருக்கு?... அதத் தூக்கி வுடுங்க. அரை அடி கொறைஞ்சாக்கூட எங்க கரை ரெண்டு மணி நேரம் தாங்கும், அதுக்குள்ள வளைய அடச்சுடலாம்... உத்தரவு இல்லன்னா? என்னையே நூறு தப்படி நவுந்தா நவுந்ததா ஆவாதுன்னீங்க, மூணு பலகைய மட்டும் பாக்குறீங்க... கருவக்காடுதானே அந்தப் பக்கம், யாரு குடியிருக்கா?... ஒங்களுக்கு ரிடையராவ எட்டு மாசம். தெரியும்ணே. தெரிஞ்சுதான் கேக்குறேன். ஒங்களுக்கு இது சின்ன விசயமில்ல, எனக்குத் தெரியும்.

... ... ...

ம்.

மூணையும் தூக்குறீங்களா... அல்லா காப்பாத்தட்டும். நல்லது, அண்ணே. நல்லது.

இல்ல, நீங்க லைன்ல இருக்க வேணாம். போயி பலகையப் பாருங்க. கையில வலு இருக்குறப்பவே தூக்கிடுங்க, சக்கரம் ஈரத்துல வழுக்கும்... இல்லண்ணே, தனியா இல்ல. இன்னும் அஞ்சு நிமிசத்துல இங்க சனம் நிக்கப் போவுது. வரலன்னா?... வரலன்னா ஒரு கட்டு வைக்கல் இங்க ரூமுலயே இருக்கு. எங்கிட்ட மம்முட்டி இருக்கு. மொத ஆளா நான் போயி நிக்கிறேன், யாராவது ரெண்டாவது ஆளா வருவாங்க. ரெண்டாவது ஆளு அம்சவல்லியாத்தான் இருப்பா, திட்டுறதுக்காவது வருவா.

என்னா, நோட்டா?... ஆத்துக்கு ஏழடின்னு போட்டுட்டேன்... எனக்கா? அந்தப் பக்கமா...

அது பாக்க மறந்துட்டேண்ணே.

எப்பவும் நீங்கதான் ரிசீவர மொதல்ல வைப்பீங்க. இன்னிக்கி நான் வைக்கிறேன்.